வாசலில் கழற்றாதவர்

அவரை யாரும் தூக்கியதில்லை. குழந்தையாக இருந்தபோது அம்மா தூக்கியிருப்பாள். அதையும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "நான் பொறந்ததே நடந்துக்கினுதான் டீச்சர்" என்பார். இரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் ஒன்றுக்கும் உதவாமல் செய்துவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு ஆம்பூர் முழுவதையும் அவர் முழங்காலாலும் கையாலும்தான் அளந்தார். யாராவது தவழ்கிறார் என்று சொன்னால் நின்று திருத்துவார். நடக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவருடைய அம்மாவும் நானும் இன்னும் நாலைந்து பேரும்தான். மற்றவர்கள் கூப்பிட்ட பெயரை எழுதினால் அவருக்குக் கோபம் வரும். செத்துப்போனவருக்குக் கோபம் வருமா என்று கேட்பீர்கள். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை, அதனால் கேட்கிறீர்கள்.

நான் அப்போது மிஷன் பெண்கள் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியாரம்மா. வெள்ளைக்காரன் ஆட்சி இன்னும் அசையாமல் உட்கார்ந்திருந்த காலம். எங்கள் சபையில் பாதிக் குடும்பம் தோல்ஷாப்பில் வேலை செய்தது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் கழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அவருடைய அப்பாவும் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்தான். கழித்துப்போட்ட எருமைத்தோல் துண்டுகளை அப்பா கொண்டுவர, மகன் தனக்குத் தானே நான்கு உறைகள் தைத்துக்கொண்டார். முழங்காலுக்கு இரண்டு, உள்ளங்கைக்கு இரண்டு. வெளிப்பக்கம் செருப்படித்தோல், உள்பக்கம் மெத்தென்று ஆட்டுத்தோல். கட்டுவதற்குக் குதிரைச் சேணத்தின் பழைய வார். தேய்ந்தால் அவரே பிரித்து அவரே தைப்பார், இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார்.

இவ்வளவு படித்ததும் சாதுவான, கண்ணில் பரிதாபம் வழியும் ஒரு பையனை நீங்கள் மனதில் வரைந்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அவர் மகா அலங்காரப் பிரியர். தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்து நடுவகிடு எடுத்திருப்பார். ஜிப்பா தும்பைப்பூ வெள்ளையாக இருக்கும். வேட்டியைத்தான் வார்ப்பூட்டுக்கு மேலே தூக்கிக் கட்டியிருப்பார். மீசையை முறுக்காமல் யாரிடமும் பேச்சைத் தொடங்க மாட்டார். கோபமும் ஜாஸ்தி. அவரோடு ஒரு மணி நேரம் இருந்தால் அரை மணி நேரம் சண்டையில் போகும்.

ஒரு தடவை வேலூரில் ஊழியர்கள் கூட்டத்துக்கு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து போனோம். லாங் பஜார் முனையில் ஜட்கா பிடித்தோம். வண்டிக்கார பாய் நல்ல மனிதர். இவரைப் பார்த்ததும் இறங்கி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனார்.

"பாய், நீங்க குதிரைய புடிங்க. என்ன புடிக்காதீங்க" என்றார் இவர்.

பிறகு சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்துத் தானே ஏறத் தொடங்கினார். குதிரை ஒரு அடி நகர்ந்தால் விரல் போய்விடும். பின்னால் கைவண்டிக்காரர்கள் நின்று சத்தம் போடுகிறார்கள். கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எட்டிப் பார்க்கிறார்கள். ஜிப்பா தோளில் கிழிந்தது. நான் தெருவில் நின்று கூசிப்போனேன். ஒருவழியாக ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்க, முதல் காரியமாகச் சீப்பை எடுத்துத் தலை வாரினார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஒரு தரம் தூக்கிவிட்டா இன்னா கொறஞ்சிடும்?" என்று கேட்டேன்.

"ஒரு தரம் தூக்கவிட்டா, அடுத்த தரம் கேக்காமலே தூக்குவாங்க டீச்சர். அதுக்கடுத்த தரம் அவங்களுக்கு வேணும்ங்கிற எடத்துல எறக்கி வெப்பாங்க."

கூட்டத்துக்கு நாங்கள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

சபையில் அவருக்குச் சம்பளமில்லாத வேலை. ஊழியத்தில் ஒத்தாசை செய்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தோல்ஷாப்புக்குப் போவார். அதன் முதலாளி சாயபுவுக்கு அவரைப் பிடிக்கும், தடுக்க மாட்டார். ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்கள் உலக்கையைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது இவரும் அங்கே உட்கார்ந்து வேதத்திலிருந்து ஒரு கதை சொல்லுவார். மிஷனில் இருந்து யார் போனாலும் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். அந்தப் பெண்கள் கழுத்தை அண்ணாந்து கேட்க வேண்டும். இவர் முகம் அவர்கள் முகத்துக்கு நேராக இருக்கும். கதையில் சந்தேகம் வந்தால் குறுக்கே கேட்பார்கள், இவர் சண்டை போடுவார், அவர்களும் போடுவார்கள். பட்டை இடிக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒரு பெரியம்மா இருந்தாள். "மத்தவங்க சொன்னா தூக்கம் வருது. இவன் சொன்னா கோவம் வருது" என்று என்னிடம் சொன்னாள். அதை அவரிடம் சொன்னபோது மீசையை முறுக்கிக்கொண்டார்.

மதராஸிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். கை வைத்து ஜெபித்தால் நோய் போகும் என்று பேர் வாங்கியவர். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு மூன்று தாலுகா ஜனம் கூடியிருந்தது. இவர் பாட்டுப் பாடுகிறவர்களோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிரசங்கியார் கண்ணில் பட்டுவிட்டார். பிரசங்கியார் நேரே வந்து இரண்டு கையையும் இவர் தலையில் வைத்து, எழுந்து நட என்று முழங்கினார்.

"ஐயா, கைய எடுங்க. இப்பதான் எண்ணெ வெச்சு சீவினேன்" என்றார் இவர்.

பிரசங்கியாருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னும் உரக்க முழங்கினார்.

"நான் நடந்துதான் இங்க வந்தேன் ஐயா. நீங்கதான் ரயில்ல வந்தீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவருடைய அம்மா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு தடவை அடங்கி உட்கார்ந்திருந்தால், ஒருவேளை, ஒருவேளை என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. "நீயும் கேட்டுப் பாத்திருக்கலாமேடா" என்றாள். "தெனமும் கேட்டுக்கினுதாம்மா இருக்கேன். கால மட்டும் கேக்கல" என்றார். அம்மாவின் அழுகை அதனால் நிற்கவில்லை. அன்றைக்கு எனக்கும் அவர்மேல் கோபம்தான். இப்படி ஒரு மனிதன் இரும்பாக இருக்கலாமா என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

இனி கோயில் விவகாரம். எங்கள் சபை வெகுகாலம் ஓலைக் கொட்டகையில்தான் கூடியது. மணல் தரை. யார் எப்படி வந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். பிறகு கல்கோயில் எழும்பியது. தரையில் பாவிய கல்லைச் சரியாக இழைக்கவில்லை, கொத்தின கொத்து அப்படியே இருந்தது. குழந்தைகள் விழுந்தால் முழங்கால் பெயர்ந்துவிடும். பிரதிஷ்டை நாளிலிருந்து எங்கள் சபை மூப்பர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். வாசற்படிக்கு இந்தப் பக்கம் தோல் வரக்கூடாது.

செருப்பை வெளியே விடுவது எல்லாரும் செய்கிறதுதான். மூப்பர் சொன்னது அதற்கும் மேலே. இடுப்பு வார், தோல்பை, எதுவும் ஆகாது. அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சுண்ணாம்புக் குழியில் தொடங்கி மேஸ்திரியாக உயர்ந்தவர். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் புளியையும் சாம்பலையும் போட்டுக் கையைத் தேய்ப்பார்கள், வாடை போக வேண்டும் என்று. அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் மூப்பர்தான். கோயிலுக்கு உடுத்தும் துணியைத் தனிப் பானையில் வைக்கச் சொன்னவரும் அவர்தான். ஊர் எங்களைத் தோலோடு சேர்த்துத்தான் அருவருத்தது. ஓரிடத்திலாவது அது இல்லாமல் நாங்கள் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆனால் எங்கள் வெள்ளைக்காரப் பாதிரி துரை மட்டும் பூட்ஸோடு வருவார். மிஷன் துரையிடம் கழற்று என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மூப்பர் இவரிடம், "தம்பி, அத அவுத்து வெளிய வெச்சிட்டு வா" என்றார். இவர் அவிழ்க்கவுமில்லை, வீட்டுக்குப் போகவுமில்லை. வெளிப்படியில் வெயிலில் உட்கார்ந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் படிதான். உள்ளே கீர்த்தனை எடுத்தால் வெளியே இருந்து எங்களைவிட உரக்கப் பாடுவார். அவர் வேகம் வேறு, எங்கள் வேகம் வேறு. கடைசியில் உள்ளே இருந்த முந்நூறு பேரும் அவர் இழுத்த இழுப்புக்குத்தான் பாடினோம்.

இதற்கு நடுவே, சபைகளில் வேதம் போதிக்கும் உபதேசியார் வேலைக்கான பரீட்சையை இவர் எழுதித் தேறிவிட்டார். தேறினால் மட்டும் வேலை கிடையாது. கோயிலுக்குள், சபைக்கு முன்னால், துரை கேட்க ஒரு பிரசங்கம் செய்து காட்ட வேண்டும். அது இல்லாமல் யாரும் உபதேசியார் ஆனதில்லை. அவருக்கு அந்த வேலைமேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். வேறு எதற்கும் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. தேறின செய்தி வந்த அன்று கலங்கியது.

படியேற முடியாமல்தான் இவர் வெளியே உட்காருகிறார் என்று நினைத்துத் துரை ஒரு வழி சொன்னார். முன்ஷியிடம் தமிழ் கற்றவர், வேதப் புத்தகத்தில் வருகிறவர்கள் மாதிரிதான் பேசுவார். "தம்பி, உம்மை ஒரு நாற்காலியில் அமர்த்தி இருவர் சுமந்து வருவார்களானால் உமக்கு ஆட்சேபம் உண்டோ?"

"உண்டு துரை. மூட்டைய எறக்கி வெச்சா மூட்டை பேசாது."

பிரசங்கத்துக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மணி அடித்தாகிவிட்டது. ஆண்கள் நுழையும் பெரிய வாசலின் நடுவே மூப்பர் நின்றார். கீழ்ப்படியில் இவர், புதிதாகத் தைத்துப் போட்ட உறைகளோடு. நான் பெண்கள் வாசல் பக்கம் நின்றிருந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரியும்.

"உனக்கு ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் போட்டுக்கினு வருவாங்க தம்பி" என்றார் மூப்பர். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "எங்கப்பன் தெருவுல போனா கதவ சாத்துவாங்க. அந்த நாத்தம் இதுக்குள்ள வர நான் விடமாட்டேன்."

"தோலு மேல உங்களுக்குக் கோவம். நியாயம்தான் மூப்பரே. ஆனா உங்கப்பன் மூஞ்சில சாத்தின கதவ நீங்க என் மூஞ்சில சாத்துறீங்க."

மூப்பர் நகரவில்லை.

அந்த நேரத்துக்குத் துரை வந்து சேர்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் கண்டு விஷயத்தைக் கேட்டார். யாரோ சொன்னார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"துரை, நீங்க வேணாம்" என்று மூப்பர் பதறினார்.

"நானும் கழற்றுகிறேன். அவரும் கழற்றட்டும். அப்பொழுது நாங்கள் இருவரும் சமமாவோம்" என்றார் துரை.

பெண்கள் பக்கத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் முந்தானையை எடுத்தேன். துரை ஒரு கறுப்பனோடு படியில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றுவதை நாங்கள் எங்கே பார்த்திருக்கிறோம்? இவர் இனி மறுக்க முடியாது என்றுதான் நினைத்தேன். ஊரே அப்படித்தான் நினைத்தது.

"துரை, பூட்ஸ போட்டுக்குங்க" என்றார் இவர். "நீங்க கழட்டினா வெறுங்கால்ல நடப்பீங்க. நான் கழட்டினா நடக்கவே மாட்டேன். இது எப்படி சமம்? நீங்க உங்களோடத போட்டுக்கினு வாங்க, நான் என்னோடத போட்டுக்கினு வர்றேன். அதுதான் சமம்."

துரை கையில் ஒரு பூட்ஸை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் முந்தானையை இறக்கிவிட்டேன். அழுதது வீண் என்று அப்போதுதான் உறைத்தது.

மூப்பர் அதற்கும் நகரவில்லை. இவர் அவரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வீட்டுக்குத்தான் போகிறார், வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. வடக்குச் சுவரை ஒட்டி நாங்கள் நின்ற பக்கம் வந்தார்.

பெண்கள் வாசலில் காவல் கிடையாது. பட்டை இடிக்கிறவர்கள் யாருக்கும் செருப்பே இல்லை, கழற்றச் சொல்ல அங்கே என்ன இருக்கிறது? எந்த ஆணும் அந்த வழியாக நுழைந்ததில்லை. அது யாரும் சொல்லாமலே இருந்த சட்டம். அவருக்கும் தெரியும். அதனால் வாசற்படிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"பெரியம்மா, உங்க பக்கமா வரலாமா?"

பெரியம்மா உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டினாள். "வா. கல்லு சொரசொரன்னு இருக்குது, பாத்து வா" என்றாள். பக்கத்தில் இருந்தவளும் சுருட்டினாள். அதற்கடுத்தவளும். பெண்கள் பக்கம் முழுவதும் பாய்கள் எழுந்தன, நடுவே ஒரு வழி விழுந்தது. நானும் உள்ளே போய் என் பாயைச் சுருட்டினேன். எருமைத்தோல் கல்லில் பட்டுப் பட்டு வந்த சத்தம் அந்தக் கோயிலில் அதற்கு முன் கேட்டதில்லை. என்னைக் கடக்கும்போது நிமிர்ந்து, "தல கலைஞ்சிருக்குதா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன்.

அவருக்கு வேலை கிடைத்ததா என்று பிறகு கேட்காதீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். கிடைத்தது. ஆம்பூரில் வைத்துக்கொள்ளத் தைரியமில்லாமல் ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். ஆறு வருஷம் அங்கே உபதேசியாராக இருந்தார். காலரா வந்த வருஷம் வீடு வீடாகப் போய்க் கஞ்சி ஊட்டி, அதிலேயே போனார். எனக்கு அந்தச் செய்தி வந்தபோது வகுப்பில் இருந்தேன். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அழுதேன்.

அதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்றைக்குப் பிரசங்க மேடையில் ஏறினால் பலகைக்குப் பின்னால் தலைகூடத் தெரியாது என்று பீடத்தின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தார். துரை பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார். மூப்பர் பெரிய வாசலை விட்டு உள்ளே வந்து கடைசியில் தூணோரம் நின்றார். பிரசங்கத்துக்குக் கொடுத்திருந்த பகுதி, தேவாலய வாசலில் பிச்சைக்கு உட்கார்ந்திருந்த சப்பாணி சுகமானது. யோசித்துத்தான் கொடுத்திருந்தார்கள். அவர் வாயால் அதைக் கேட்டு உருக எல்லாரும் தயாராக இருந்தோம்.

"அந்த மனுஷன் எழுந்து குதிச்சது உங்க எல்லாருக்கும் தெரியும். அத நான் சொல்லப்போறதில்ல" என்று ஆரம்பித்தார். "அவன தெனமும் தூக்கிக்கினு வந்து வாசல்ல வெச்சாங்களே, அவங்களப் பத்திதான் எனக்கு யோசனை. அவ்ளோ தூரம் தூக்கினவங்க, இன்னும் நாலு அடி தூக்கி உள்ள ஏன் வெக்கல? மூப்பரே, நீங்க சொல்லுங்க."

பிரசங்கத்தில் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியது. மூப்பர் தொண்டையைச் செருமினார். அவர் பொய் பேசுகிற மனிதர் அல்ல.

"வாசல்லதான் காசு விழும்" என்றார்.

"ஆமா மூப்பரே. எனக்குக் காசு வேணாம். அதான் உள்ள வந்தேன்" என்று சொல்லிவிட்டு, வேதப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துப் பிரசங்கத்தைத் தொடங்கினார்.